ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிய மோட்டார்

எங்கள் அடுக்ககத்தில் 64 வீடுகள். வேளச்சேரியைத் தாண்டித் தெற்கே போனால் வரும் பகுதிகளில் ஒன்று. ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டடம், ஒவ்வொன்றிலும் ஒரு லிஃப்ட், கீழே பார்க்கிங், பின்பக்க மூலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், அதை எல்லோரும் எஸ்டிபி என்றுதான் சொல்வோம். இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கு எழுதுவதுதான் என் தொழில் என்பதால், கூட்டத்தில் என் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

பொறுப்பெடுத்ததும் கையில் கிடைத்த முதல் பெரிய செலவு பொதுப் பயன்பாட்டு ஈ.பி. பில். இரண்டு மாதத்துக்கு 6,400 யூனிட் சொச்சம். வீட்டு மீட்டருக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பொது மீட்டருக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி வகை வந்தது, யூனிட் 8 ரூபாய். அடுத்த வருடம் அக்டோபரில் பத்து வீட்டுக்கு மேல் இல்லாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். நாங்கள் அதில் வரமாட்டோம். எங்கள் கட்டணம் அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. வீட்டுக்குள் ஒவ்வொருவரும் 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று படாத பாடு படுகிறோம், ஏசியை 26ல் வைக்கிறோம், ஹாலில் ஆளில்லாமல் ஃபேன் ஓடினால் பிள்ளைகளைத் திட்டுகிறோம். அதே நாம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தால், முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல் போகும் வராந்தா விளக்குகள் பட்டப்பகலில் எரிகின்றன, நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 64 பேருக்குச் சொந்தமான செலவு என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடுகிறது.

பொதுக்குழுவில் பில்லை வாசித்தேன். வழக்கமான சண்டை ஆரம்பித்தது. எல்லாம் லிஃப்டால்தான் என்றார்கள் முதல் மாடிக்காரர்கள். மேல் மாடிகளுக்குப் பராமரிப்புத் தொகையைக் கூட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானமே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்தாம் மாடியில் இருக்கும், இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மா எழுந்து ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. லிஃப்ட் எவ்வளவு இழுக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பில்லில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு 64 குடும்பம் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது.

சரி, பிரித்துப் பார்ப்போம் என்று இறங்கியதுதான் இந்தக் கதை.

ஏ பிளாக்கில் ஒரு பெண் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். இரண்டே நாளில் ஒரு பட்டியலோடு வந்துவிட்டாள். மின்பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் போகும் ஒயரைச் சுற்றி மாட்டும் கிளாம்ப், அதில் ஓடும் மின்னோட்டத்தை வாசிக்க ஈஎஸ்பி32 என்ற சின்னச் சிப் பலகை, எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள். பி பிளாக்கில் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருக்கிறார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வர வேண்டும், மெயினை அணைத்துவிட்டுத்தான் பலகையைத் திறக்க வேண்டும், பிள்ளை பலகைக்குள் கை வைக்கக் கூடாது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், யூடியூப் பார்த்துவிட்டுத் தாங்களே த்ரீ ஃபேஸ் பலகையைத் திறப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

முதல் வாரம் வந்த எண்கள் ஈ.பி. மீட்டரோடு ஒத்துப்போகவில்லை, எங்கள் கணக்கில் கால்வாசிக்கு மேல் கூடுதலாக வந்தது. காரணத்தைச் சார்தான் விளக்கினார். கிளாம்ப் ஆம்பியரை மட்டும் பார்க்கிறது, நாங்கள் அதை வோல்டேஜால் பெருக்கி வாட் என்று போட்டுக்கொண்டிருந்தோம். பழைய குண்டு பல்புக்குச் சரி, மோட்டாருக்குச் சரிவராது. மோட்டாரில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே தாளத்தில் போவதில்லை, ஒன்று பின்தங்கி வரும், அதனால் இழுக்கும் ஆம்பியர் முழுவதும் யூனிட்டாக மாறாது. இதைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறார்கள். அப்புறம் மோட்டார்களுக்கும் எஸ்டிபிக்கும் மட்டும் வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் சரியான மீட்டர்களை வாங்கிப் பொருத்தினோம். இரண்டாவது வாரத்தில் எங்கள் கூட்டுத்தொகையும் ஈ.பி. மீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன. கணக்குக்காரனுக்கு அதைவிட நிம்மதி வேறு கிடையாது.

ஒரு நாளைக்குச் சராசரியாக 107 யூனிட். அதில் எஸ்டிபி 38. போர் மோட்டாரும், சம்ப் என்ற நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்களும் சேர்ந்து 36. விளக்குகள் 19. கேமரா, கேட், இன்டர்காம் எல்லாம் 4. இரண்டு லிஃப்டும் சேர்ந்து 10.

பத்து. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை வருடச் சண்டை இந்தப் பத்து யூனிட்டுக்காக. லிஃப்டில் எதிர் எடை ஒன்று தொங்குவதால் பாரத்தில் பெரும்பகுதியை அதுவே சமன்செய்துவிடும், மோட்டார் தூக்குவது மீதியை மட்டும்தான், அதுவும் சில விநாடிகள். நாற்றமடிக்கும் மூலையில் யார் கண்ணிலும் படாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ப்ளோயர்தான் பெருந்தீனி. கண்ணுக்குத் தெரியும் கருவியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இனிதான் மோட்டார் கதை.

அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை காலையில் கைபேசியோடு கதவைத் தட்டினாள். "அங்கிள், இந்த கிராஃபைப் பாருங்க, பி பிளாக் மோட்டார் ராத்திரி பன்னெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் ஓடுது, தினமும்." பார்த்தேன். நள்ளிரவில் கோடு எழும்பி, தட்டையாக ஒரு மேசை மாதிரி போய், விடியற்காலையில் விழுந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு யார் வீட்டில் தண்ணீர் திறந்திருக்கும்?

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 25 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பள்ளிக்கூட இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டால், 0.07 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. நம் ஊர் மோட்டார்கள் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 32 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை மேலே ஏற்ற நான்கு யூனிட்டுக்குள் முடிய வேண்டும். அந்த மோட்டார் ராத்திரியில் மட்டும் 13 யூனிட் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கேயாவது வழிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். சுவரில் ஈரம் இல்லை, மொட்டை மாடி காய்ந்து கிடக்கிறது.

மேலே ஏறித் தொட்டி மூடியைத் திறந்தோம். மிதவை ஸ்விட்ச் உப்புப் படிந்து ஏணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. தொட்டி நிரம்பினால் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்த வேண்டும். அது வரவில்லை. நிரம்பிய தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக இறங்கியது, அந்தக் குழாய் நேராகச் சம்ப்புக்கே போனது. தண்ணீர் வீணாகக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு யாரோ ஒருகாலத்தில் அப்படி இணைத்திருக்கிறார்கள். ஆகவே ராத்திரி முழுவதும் சம்ப்பிலிருந்து தண்ணீர் மேலே போகிறது, மேலிருந்து சம்ப்புக்கு இறங்குகிறது, மறுபடி மேலே போகிறது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. தண்ணீரைக் காப்பாற்றிய ஏற்பாடு மின்சாரம் போவதை மறைத்துவிட்டது.

ஏன் ராத்திரியில் மட்டும்? பகலில் செக்யூரிட்டி கையாலேயே போட்டு, கையாலேயே நிறுத்துவார். காலையில் தண்ணீர் இல்லை என்று யாரும் கத்தக் கூடாதென்று இரவு பன்னிரண்டு மணிக்கு, தானாக ஓடித் தானாக நிற்கும் 'ஆட்டோ' நிலையில் போட்டுவிடுவார், விடிந்ததும் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து மாற்றிவிடுவார்.

இரவு ஷிஃப்டில் இருப்பவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஆட்டோல போட்டா நிக்கவே மாட்டேங்குது சார், நான் நோட்ல எழுதி வெச்சேனே" என்றார். கேட் பக்கத்து அறையிலிருந்து நோட்டை எடுத்து வரச் சொன்னேன். வருகை, புறப்பாடு, தண்ணி லாரி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று இடத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: பி பிளாக் மோட்டார் நிற்கவில்லை. முதல் குறிப்பு நான் பொறுப்பெடுப்பதற்கு எட்டு மாதம் முன்பு.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சென்சார், சிப், மென்பொருள், கிராஃப் என்று நாங்கள் கண்டுபிடித்ததை இந்த மனிதர் காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். எழுதியும் வைத்திருக்கிறார். படிக்கத்தான் யாருமில்லை. கருவி வாங்கியது வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த 13 யூனிட் என்ற எண் இல்லாமல் பொதுக்குழு ஐந்து பைசா ஒதுக்கியிருக்காது. ஆனால் அந்த எண் யார் கண்ணில் பட வேண்டும் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது. மோட்டார் ஸ்விட்சில் கை வைப்பவர் அவர். கிராஃப் வருவதோ என் கைபேசிக்கு, நான் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இதற்கு முன்பும் எங்கள் கட்டடத்தில் 'ஸ்மார்ட்' என்று ஒன்று இருந்தது. கட்டிக் கொடுத்த நேரத்தில் ஒரு நிறுவனம் தண்ணீர் மட்டம் காட்டும் பெட்டியும் செயலியும் பொருத்திக் கொடுத்திருக்கிறது. இரண்டு வருடம் ஓடியது, அப்புறம் அவர்கள் சேவையை நிறுத்திவிட்டார்கள், செயலி திறக்கவில்லை, பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற செய்தி எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிளம்பி, எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் கீழே இருக்கும் எங்களுக்குத் தெரியும் என்ற அமைப்பு. நடுவில் உள்ளவர் கடையை மூடினால் தொட்டியே மறைந்துபோகிறது. அதனால் இந்த முறை ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன்: எண்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், இன்டர்நெட் போனாலும் வேலை செய்ய வேண்டும், செய்தவர் வேறு ஊருக்குப் போனாலும் அடுத்தவர் திறந்து பார்க்க முடிய வேண்டும். அந்தப் பெண் எல்லா இணைப்பையும் படம் வரைந்து மின்பலகைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தொட்டி மட்டம் பார்ப்பதும் லேசில் அமையவில்லை. மொட்டை மாடியிலிருந்து பலகை அறைக்கு வைஃபை எட்டவில்லை, ஐந்து மாடிக் கான்கிரீட் நடுவில் நிற்கிறது. லோரா என்ற ரேடியோ முறைக்கு மாறினோம், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், கொஞ்சமே தகவல் போகும், ஆனால் சுவர்களைத் தாண்டிப் போகும். முதலில் போட்டது மேலிருந்து ஒலி அனுப்பி மட்டம் அளக்கும் சென்சார். தொட்டிக்குள் எழும் நீராவி அதன் மேல் துளித்துளியாகப் படிந்து, ராத்திரியில் தாறுமாறான எண் காட்டியது. இப்போது இருப்பது அடியில் கிடந்து தண்ணீரின் அழுத்தத்தை அளப்பது. அதற்கு ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை.

அதன் பிறகு எழுதிய விதி ஒரே வரி. மோட்டார் ஓடுகிறது, பதினைந்து நிமிடமாகத் தொட்டி மட்டம் ஏறவில்லை என்றால் கூப்பிடு. செயற்கை நுண்ணறிவெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். மிதவை மாட்டிக்கொண்டாலும், குழாய் உடைந்தாலும், சம்ப் காலியாகி மோட்டார் காற்றை இழுத்தாலும் இந்த ஒரே விதி பிடித்துவிடுகிறது. ஸ்மார்ட் பில்டிங் என்று விளம்பரங்களில் காட்டுவதில் முக்கால்வாசிக்கு இந்த அளவு கருவி போதும் என்பது என் அபிப்பிராயம்.

எஸ்டிபியில் இரண்டு ப்ளோயரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாறி மாறி ஓட வேண்டியவை. பராமரிப்பவரிடம் பேசி, சார் மேற்பார்வையில் டைமரைச் சரிசெய்தோம். காற்று குறைந்தால் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் கிருமிகள் செத்து நாற்றம் வந்துவிடும் என்பதால் ஒரு மாதம் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். 38 இருந்தது 26ல் நின்றது.

விளக்குகளில் நான் ஒரு தவறு செய்தேன். வராந்தாவில் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்குகளைப் போட்டு, முப்பது விநாடியில் அணையும்படி வைத்தேன். யூனிட் நன்றாகக் குறைந்தது. பத்து நாள் கழித்து, கூட்டத்தில் எழுந்து போனாரே அந்த அம்மா, என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, சாவியைத் தேடறதுக்குள்ள இருட்டாயிடுது, கீழ விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு." கைத்தடியோடு நிற்பவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கைப் போட முடியுமா? அன்றே மாற்றினோம். இப்போது விளக்கு அணையவே அணையாது, ஆள் இல்லாதபோது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நிற்கும், ஆள் வந்தால் முழுதாக எரியும், இரண்டு நிமிடம் நிற்கும். 19 யூனிட் 10 ஆனது. அந்தத் தவறால் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

எல்லாம் சேர்ந்து 107 இப்போது 73. இரண்டு மாதத்துக்கு 2,000 யூனிட் மிச்சம், யூனிட் எட்டரை ரூபாய் என்று வைத்தால் 17,000 ரூபாய். கருவிகளுக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் ஆன செலவு மூன்று பில்லுக்குள் திரும்பிவிட்டது. மேல்மாடிக்குக் கூடுதல் கட்டணம் என்ற தீர்மானத்தை எழுதியவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இந்த வெற்றியில் ஒருவர் கேட்டார், அடுத்து வீட்டுக்கு வீடு இதே மாதிரி போடலாமே, யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியட்டுமே என்று. நான் கடுமையாக எதிர்த்தேன். கால் மணிக்கு ஒருமுறை எடுத்த யூனிட் கணக்கு கையில் இருந்தால், அந்த வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது, ராத்திரி யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்று எல்லாமே தெரிந்துவிடும். நெதர்லாந்தில் 2009ல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அவர்கள் மேலவை தடுத்தது இந்த அந்தரங்கக் கேள்வியில்தான். மறுக்கும் உரிமையைச் சேர்த்த பிறகுதான் திட்டம் மேலே நகர்ந்தது. நம் நாட்டில் ஸ்மார்ட் மீட்டர் ஒவ்வொரு மாநிலமாக வந்துகொண்டிருக்கிறது, சென்னையில் தி.நகரில் முன்பே போட்டுப் பார்த்தார்கள். மீட்டர் வருவதை நான் எதிர்க்கவில்லை. என் வீட்டு எண் முதலில் எனக்குத் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவே வேண்டியதில்லை. பொது மீட்டருக்கு நேரெதிர், அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இந்த எல்லைக் கோட்டைச் சங்க விதிகளிலேயே எழுதிவிட்டோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மத்தியானத்தில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. கஷ்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், சூரியன் போய்விடும், எல்லோரும் வீடு திரும்பி ஏசி போடுவார்கள், அந்த நாலு மணி நேரத்துக்காக வாரியம் வெளியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 2023ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, சூரிய நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்றது. மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் வழியாகத்தான் அது நம் பில்லுக்கு வர வேண்டும். நாங்கள் காத்திருக்கவில்லை. தண்ணீர் ஏற்றுவதைக் காலை பத்திலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறோம். இதனால் இன்றைக்கு எங்கள் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மின்சாரத்தைச் சேமித்து வைக்க பேட்டரி வாங்கும் வசதி நமக்கில்லை, மேலே ஏற்றிய தண்ணீர் மட்டும் ராத்திரி முழுக்கத் தானாக இறங்கி வரும். தொட்டிதான் எங்கள் பேட்டரி.

அடுத்தது சோலார். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி மாடி வேண்டும், சென்னை வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் எதிர்பார்க்கலாம். மொட்டை மாடி 64 பேருக்கும் சொந்தம், அதில் விளையும் மின்சாரத்தை எப்படிப் பங்கு பிரிப்பது? டில்லி ஒழுங்குமுறை ஆணையம் 2019லேயே மெய்நிகர் நெட் மீட்டரிங் என்று ஒரு வழிமுறை கொண்டுவந்தது. ஒரே இடத்தில் பேனல், அதன் யூனிட்களை முன்பே பேசி வைத்த பங்குப்படி பல வீடுகளின் பில்லில் கழிப்பார்கள். ஒயர் எதுவும் புதிதாக இழுக்க வேண்டாம், கணக்கிலேயே முடிந்துவிடும். மொட்டை மாடியே இல்லாத வாடகைக் குடித்தனக்காரருக்கும் வெயிலில் ஒரு பங்கு கிடைக்கும் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

கணக்கு வழியாக மின்சாரம் அனுப்புவதை நம் ஊரில் ஒரு பஞ்சாயத்து எப்போதோ செய்து காட்டிவிட்டது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் தொடங்கிய முயற்சி. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பில் கட்டி மாளாமல், 2006ல் பஞ்சாயத்தே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆனது, பெரும்பகுதி வங்கிக் கடன். காற்றாலை நின்றது ஓடந்துறையில் இல்லை, தொலைவில் உடுமலைப் பக்கம் மைவாடியில். அங்கே வாரியத்தின் கம்பியில் ஏற்றிய யூனிட்டை இங்கே பஞ்சாயத்து பில்லில் கழித்துக்கொண்டார்கள், மிஞ்சியதை வாரியத்துக்கே விற்றார்கள். காற்றாலையும் பஞ்சாயத்துடையது, கடனும் பஞ்சாயத்துடையது.

இதற்கு மறுபக்கம் பீகாரின் தர்னை கிராமம். 2014ல் ஒரு தொண்டு நிறுவனம் பெரும் விளம்பரத்தோடு 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பை அங்கே அமைத்தது. வீடுகளுக்கு விளக்கு வந்தது, தெரு வெளிச்சமானது. ஆனால் ஃபிரிட்ஜ், ஹீட்டர் போன்றவற்றை அது தாங்காது. விரைவிலேயே அரசு மின்சாரமும் ஊருக்கு வந்தது, விலையும் மலிவு. பேட்டரிகள் ஓய்ந்தபோது மாற்றுவதற்குப் பொறுப்பான கை எதுவும் இல்லை. 2021 வாக்கில் அந்த வளாகத்தில் மாடு கட்டியிருந்ததாகச் செய்தி வந்தது. தொழில்நுட்பம் தோற்றது என்று இதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பேனல் வேலை செய்தது. அது யாருடையது என்பதை மட்டும் யாரும் தீர்க்கவில்லை. எங்கள் பச்சை விளக்குப் பெட்டிக்கும் அதே கதி.

அதனால்தான் செக்யூரிட்டி அறையில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டியிருக்கிறோம். ஆங்கிலம் கிடையாது, கிராஃப் கிடையாது. 'பி பிளாக் தொட்டி: முக்கால்', 'மோட்டார்: நின்றிருக்கிறது', 'நேற்று: 73 யூனிட்'. அவ்வளவுதான். அண்ணன் தினமும் காலையில் அந்தக் கடைசி எண்ணைத் தன் நோட்டில் எழுதுகிறார். நாங்கள் சொல்லி இல்லை, அவராக ஆரம்பித்தது. போன மார்கழியில் ஒரு விடியற்காலை போன் செய்தார். "சார், நேத்து தொண்ணூறு காட்டுது. ப்ளோயர் சத்தம் ரெண்டா கேக்குது, வந்து பாருங்க." மின்தடை வந்து போனதில் டைமர் பழைய அமைப்புக்குத் திரும்பியிருந்தது. இப்போது சங்கக் கூட்டங்களில் அந்த நோட்டை முதலில் வாசித்துவிட்டுத்தான் மற்ற விஷயங்களுக்குப் போகிறோம். அவர் சம்பளத்தைக் கூட்டும் தீர்மானமும் மிச்சமான பணத்திலிருந்தே நிறைவேறியது.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியை அளந்தோம். சார் டேப் பிடித்தார், அந்தப் பெண் எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டாள், நான் சாக்பீஸால் கோடு போட்டேன். லிஃப்ட் அறையின் நிழல் காலையில் மேற்குப் பக்கம் பாதி தூரம் வருகிறது. தென்கிழக்கு மூலையில் நாள் முழுக்க வெயில், பேனலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த மூலையில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் மாடி அம்மா படியேறி வந்தார். "தம்பி, வடாம் போடறது இங்கதான். முப்பது வீட்டுக்கு நான்தான் போட்டுத் தர்றேன்" என்றார். எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு புடவை விரிக்கிற அளவு என்றார். கோட்டை அழித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டோம். மூன்று பேனல் குறைந்தது.